புளி போட்டுத் தேய்த்த ராஜா

நான் லுணுகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். அடுத்த வீட்டுச் செல்வி மரக்கறிப் பாத்தி கொத்தியபோது ஒரே மாதிரி இரண்டு பழைய காசுகள் கிடைத்தன. ஒன்றை எனக்குத் தந்தாள்.

"ரோமாபுரிக் காசு. சின்ன வயசுல பட்டமேறுன ராஜா இது" என்றார் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் வரிசை வீட்டு லயமே செல்வி வாசலில் கூடியது. என் வயிறு எரிந்தது.

என் காசு அவளுடையதைவிட மின்ன வேண்டுமென்று, குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்த்தேன். வாத்தியார் சொல்லியனுப்பிப் பதுளையிலிருந்து வந்த தொல்பொருள் அதிகாரியிடம் முந்திக்கொண்டு நீட்டினேன்.

"முகத்தையே காணோமேம்மா!" என்றார். செல்வியின் கறுத்த காசில் அந்தச் சின்ன ராஜா அப்படியே இருந்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் கெடச்சுதுங்க, இந்த அக்கா பேரையும் எழுதிக்கங்க" என்றாள் செல்வி. அதற்கும் எனக்கு எரிந்தது.

இப்போதெல்லாம் வயிறு எரிகிற நாளில் நான் குத்துவிளக்கைக்கூடத் தேய்ப்பதில்லை.