விளக்கை அணைக்காமல் பார்த்த படங்கள்

கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் மருதாசலம் தன் மனைவி பழனாயியோடு உட்கார்ந்து முழுதாக ஒரு சினிமா பார்த்ததில்லை. பொங்கலூரில் அவர் ஆரம்பித்த, பனியன் துணி பின்னுகிற நிட்டிங் கம்பெனி அவரை விட்டால்தானே. பல்லடத்துக்குப் படம் பார்க்கப் போன ஒன்றிரண்டு முறையும், மெஷின் நின்றுவிட்டது, நூல் வண்டி வரவில்லை என்று ஏதாவது சேதி வந்து பாதியில் எழுந்து போனவர் அவர். பழனாயி மட்டும் கடைசி வரை இருந்து பார்த்துவிட்டு அக்கம்பக்கத்துப் பெண்களோடு பஸ்ஸில் திரும்புவாள். படம் நன்றாக இருந்ததா என்று கேட்டால் போதும், வீடு வந்து சேரும்வரை கதை சொல்லிக்கொண்டு வருவாள். சினிமா என்றால் அவளுக்கு உயிர்.

ஐம்பதை நெருங்கும்போது அவள் வாசற்படியில் தடுக்கி விழத் தொடங்கினாள். முதலில் பொழுது சாய்ந்த பிறகுதான் இப்படி. பிறகு பட்டப்பகலிலேயே பக்கத்தில் நிற்கிறவர்கள் மேல் மோதினாள். கவனம் பத்தவில்லை என்று மருதாசலமே பலமுறை சலித்துக்கொண்டார். கோயம்புத்தூரில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, விழித்திரை ஓரத்திலிருந்து தேய்ந்துகொண்டு வருகிறது, குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி பார்வை சுருங்கிக்கொண்டே போகும், இதை நிறுத்த மருந்து கிடையாது என்றார். காரில் திரும்பும்போது சூலூர் தாண்டும்வரை பழனாயி ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம், "கொட்டாய்ல லைட்ட அணைச்சாங்கன்னா எனக்குப் பக்கத்துச் சீட்டே தெரியாதுங்க. இனிமே சினிமாவுக்கெல்லாம் போக முடியாது" என்றாள். அப்போதும் அவள் அழவில்லை. மருதாசலம்தான் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு முகம் கழுவ இறங்கினார்.

பெங்களூரிலிருக்கும் மகள் அனுப்பிரியா, தங்கள் வீட்டில் சும்மா கிடந்த புரொஜெக்டரை அம்மாவுக்கென்று அனுப்பி வைத்தாள். மேல்மாடி அறையில் ஒரு சுவருக்கு வெள்ளையடித்து, ஜன்னலையெல்லாம் சாத்தி, விளக்கை அணைத்துப் போட்டுப் பார்த்தால் படம் சுவர் முழுக்கப் பளிச்சென்று விழுந்தது. ஆனால் பழனாயிக்கு அந்த இருட்டில் பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை. கிணற்றுக்குள் இறக்கிவிட்ட மாதிரி இருக்கிறது என்றாள். தண்ணீர் குடிக்க எழுந்தவள் வாசல் தெரியாமல் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கையில் மாவுக்கட்டோடு, "அதைய அக்கட்டால எடுத்து வெச்சுருங்க" என்று சொல்லிவிட்டாள். விளக்கைப் போட்டுக்கொண்டு பார்க்கலாம் என்றால், சுவரிலிருக்கும் படம் சாயம் போன துணி மாதிரி வெளுத்துப் போனது.

வெளுத்துப் போவது துணிக்காரருக்குத் தெரியாத சங்கதியா? சுவர்தான் சரியில்லை என்று முடிவு கட்டினார் மருதாசலம். தன் மெஷினிலேயே நல்ல கனமாகத் துணி ஓட்டி, ப்ளீச்சிங் செய்து வெள்ளையாக்கி, மரச்சட்டத்தில் இழுத்து அடித்தார். வெளிச்சம் துணியைத் துளைத்துக்கொண்டு பின்பக்கம் போனது. ஓரங்கள் நெளிந்து, படத்தில் வருகிறவர்களின் வாய் கோணிக்கொண்டது. விளக்கைப் போட்டால் பழைய கதைதான்.

கடைசியில் கோயம்புத்தூரில் ஹோம் தியேட்டர் சாமான் விற்கும் கடைக்குப் போனார். தரணீதரன் என்ற இளைஞர் நடத்துகிற கடை. அங்கே உயர்ந்த ரகம் என்று காட்டிய திரை வெள்ளையாகவே இல்லை, சாம்பல் நிறம். பழக்கதோஷத்தில் ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்த மருதாசலம் விலையைக் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டார்.

"இதுல ஒரு பழைய காரு வாங்கலாங்களே தம்பி."

"வாங்கலாங்ணா. இருட்டு ரூம்ல பாக்கறவங்களுக்கு இது வேண்டாம்னுதான் நானே சொல்லுவேன். சுவத்துக்கு ஒழுங்கா வெள்ளையடிச்சாவே போதும், பெருசா வித்தியாசம் தெரியாது. இது லைட்டு எரியறப்பப் பாக்கறதுக்குங்ணா. மேலருந்து வர்ற வெளிச்சத்தைத் தள்ளிரும், புரொஜெக்டர்ல இருந்து வர்றதை மட்டும் நேரா அனுப்பும்."

"லைட்டு எரிஞ்சாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியுங்ணா. ஒரே ஒரு குறை. நடுவுல உக்காந்தாத்தான் நல்லாருக்கும். ஓரத்துல உக்காந்தா மங்கலாத்தான் தெரியும்."

நடுவில் உட்கார ஒரு ஆள்தானே என்று மருதாசலம் நினைத்துக்கொண்டார். அன்றைக்கே திரை வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

விஷயம் தெரிந்ததும் அனுப்பிரியா போனில் கோபித்துக்கொண்டாள். கண் போய்க்கொண்டிருக்கிறவர்களுக்கு எதற்கு இவ்வளவு செலவு, அப்பாவுக்குப் புத்தி ஏதாவது பிசகிவிட்டதா என்று கேட்டாள். மருதாசலத்துக்கு வாதாடத் தெரியாது. "போயிட்டுத்தான் இருக்குது கண்ணு. இன்னும் போகல" என்று மட்டும் சொன்னார்.

திரையை மாட்டிய மத்தியானம், டியூப்லைட் எரிகிற அறையில் பழனாயியை நடு நாற்காலியில் உட்கார வைத்தார். படம் ஓடத் தொடங்கியதும் அவள் தலையைத் தூக்கி மேலே எரிகிற விளக்கைத் தேடிப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். "அந்தப் புள்ள போட்டிருக்கற தோடு தெரியுதுங்க" என்றாள். மருதாசலம் பக்கத்தில், ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் மங்கல்தான். அதனாலென்ன, அவர் பார்த்துக்கொண்டிருந்தது பழனாயியின் முகத்தை.

அதிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தால் அவர் சாயங்காலம்தான் கம்பெனிக்குத் திரும்புவார். மேஸ்திரி சந்தனம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டான். புதுப்படம், பழைய படம், சீரியல் என்று எல்லாம் பார்த்தார்கள். ஒருநாள் அனுப்பிரியாவின் கல்யாண வீடியோவைப் போடச் சொன்னாள். முகூர்த்தத்தன்று வந்தவர்களைக் கவனிக்கிற ஓட்டத்தில் தாலி கட்டுவதைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லையாம். தாலி கட்டும் இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தாள். மகளின் முகத்தை மனப்பாடம் செய்துகொள்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

பார்வை சுருங்கச் சுருங்க, நாற்காலி பின்னால் போனது. கிட்டே இருந்தால் ஒரு மூக்கோ ஒரு காதோதான் அவள் கண்ணுக்குள் அடங்குகிறது, தள்ளிப் போனால் ஆள் முழுதாகத் தெரிகிறார். "இன்னுங் கொஞ்சம் தள்ளிப் போடுங்க" என்பாள். மருதாசலம் இரண்டு நாற்காலியையும் தள்ளுவார். கடைசியில் நாற்காலியின் முதுகு பின்சுவரில் இடித்தது. அதற்கப்புறம் தள்ளிப் போடச் சொல்லி அவள் கேட்கவில்லை. கண் அந்த மட்டில் நின்றுவிட்டது என்று நம்பி அவர் குலதெய்வத்துக்கு நன்றி சொன்னார்.

மாசி மாதம் ஒரு மத்தியானம், கம்பெனியிலிருந்து போன் வந்து அவர் வெளியே போய்ப் பேசிவிட்டுத் திரும்பினார். உள்ளே வந்தவர் வாசலிலேயே நின்றார். சூடேறிப் புரொஜெக்டர் அணைந்து போயிருந்தது. திரை வெறும் சாம்பலாகக் கிடந்தது. ஸ்பீக்கரில் மட்டும் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். பழனாயி அந்த வெற்றுத் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு, "வாங்க, இப்பத்தான் நல்ல எடமே வருது. அந்தாளு முழிக்கறதப் பாருங்க" என்றாள்.

அவர் மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. சிரிப்பு நின்றது.

"படம் ஓடலீங்களா?"

"இல்ல. எப்ப இருந்து பழனாயி?"

"தீவாளிக்கு முந்தியே."

"என்றகிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் இன்னொரு கையாலும் அவர் கையைப் பற்றிக்கொண்டாள். பிறகு, "சொன்னா நீங்க கம்பெனிக்குப் போயிருவீங்க" என்றாள்.

மருதாசலம் அந்த அறையில் அன்றுதான் முதல்முறையாகச் சத்தம் போட்டு அழுதார். அவள் தடவித் தடவி அவர் முகத்தைக் கண்டுபிடித்துத் துடைத்துவிட்டாள்.

அவர் திரையைக் கழற்றவில்லை. மத்தியானங்களில் படம் இப்போதும் ஓடுகிறது. அவர் நடு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறார். கதை சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். "ஒரு பொண்ணு வருது" என்பார். என்ன சேலை என்று அவள் கேட்பாள். நிறம் மட்டும் அவருக்குச் சரியாகச் சொல்ல வரும்.

போன மாதம் மங்கலத்தில் புதுவீடு கட்டுகிற பங்காளி செங்கோட்டையன் வந்திருந்தார். கீழே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே, தன் வீட்டுக்கும் இதே மாதிரி திரை வாங்கலாமா, அந்த விலைக்குத் தகுமா என்று கேட்டார். ஜன்னலைச் சாத்தி இருட்டில் பார்ப்பதானால் வேண்டாம், சுவருக்கு வெள்ளையடித்தால் போதும் என்றார் மருதாசலம். வெளிச்சத்தில் பார்க்க வேண்டுமானால் வாங்கலாம், அதுவும் நடுவில் உட்காருகிறவருக்குத்தான்.

"உங்குளுக்குப் பிரயோசனப்பட்டுதுங்களா?"

மருதாசலம் டம்ளரைக் கீழே வைத்தார். "ரண்டு வருசம் தெரிஞ்சுதுங்க அவளுக்கு" என்றார்.

மேல்மாடியிலிருந்து பழனாயியின் குரல் கேட்டது. படத்தில் யாரோ அழுகிறார்களாம், யாரென்று வந்து சொல்லச் சொன்னாள். மருதாசலம் எழுந்து படியேறினார்.