கூழ்ப் பானையைக் கழுவினேன்

எனக்குச் சுத்தம் ஒரு வியாதி. விழுப்புரத்தில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் வாசலில் நின்று முழிப்பார்கள். கீரையை மூன்று தண்ணீரில் அலசுவேன். இத்தனை வருடம் இதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்ல வாய் கூசுகிறது.

அக்காவுக்குத் தொண்டையில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள், அதாவது கதிர்வீச்சு. கட்டி கரையவில்லை, நாக்கில் இருந்த ருசிதான் கரைந்துபோனது. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பிடித்ததைக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். திண்டிவனத்தில் அவள் மகள் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டோம். நான் காலை பஸ்ஸில் போய் சாயங்காலம் திரும்புவேன்.

பிடித்ததைக் கொடுப்பதுதான் பெரும்பாடு. இனிப்பு தெரியவில்லை, உப்பு தெரியவில்லை. நொய்க் கஞ்சி கொடுத்தால், "இன்னாடி இது, சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பா?" என்று தள்ளிவிடுவாள். திட்டுவதற்கு மட்டும் குரல் எங்கிருந்தோ வந்துவிடும். ஆயுசு முழுக்க என் சமையல் அவளுக்கு ஆகாது. என் கல்யாணத்துக்குப் பிறகு முதன்முதலாக நான் வைத்த குழம்பிலிருந்து ஆரம்பித்தது அது.

ஒருநாள் அவளாகவே வாய் திறந்து கேட்டாள். "புளிச்ச கூழு இருந்தா ரெண்டு வாய் குடிப்பேன்டி. புளிப்பு மட்டும் இன்னும் கொஞ்சம் தெரியுது."

கூழ் என்ன கிடைக்காத பொருளா என்று நீங்கள் கேட்கலாம். அவள் மகளும் அப்படித்தான் நினைத்து, பைபாஸ் ஓரத் தள்ளுவண்டியிலிருந்து ஒரு செம்பு வாங்கிவந்தாள். அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு, "மோரை ஊத்தி ஏமாத்திக்கினு இருக்கான்" என்றாள். கடைகளில் சிறுதானியம் என்று பளபளக்கும் பையில் போட்டு, மருந்து மாதிரி விற்கிறார்கள். அந்த மாவில் கஞ்சி வரும், அக்கா கேட்டது வராது. எங்கள் வீட்டில் கூழுக்கென்றே ஒரு மண்பானை இருந்தது. கேப்பை மாவைக் கரைத்து அதில் ஊற்றி மூடிவைத்தால், வேறு எதுவும் சேர்க்காமலே மறுநாள் காலையில் புளித்திருக்கும். புளிப்பு மாவில் இல்லை, பானையில் இருந்தது. அம்மாவுக்குப் பிறகு அந்தப் பானை அக்காவிடம் போனது. அவள் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து, ஒலக்கூர் பக்கம் பூட்டிக்கிடந்த அவள் வீட்டில் அது கவிழ்ந்துகிடந்தது.

சாவி வாங்கிப்போய் எடுத்துவந்தேன். வாய் விளிம்பு கறுத்து, உள்ளே வெள்ளையாக ஏடு காய்ந்து ஒட்டியிருந்தது. ஐந்து மாதத் தூசு வேறு. தொண்டை முழுக்கப் புண்ணாக இருப்பவளுக்கு இதிலா கொடுப்பது? பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணியைத் தாராளமாக ஊற்றி, கம்பி நாரால் தேய்த்து, சுடுதண்ணீரில் மூன்று தரம் அலசி வெயிலில் வைத்தேன். புதுப்பானை மாதிரி ஆகிவிட்டது. நான் கொஞ்ச நேரம் நின்று அதை ரசிக்கக்கூடச் செய்தேன்.

தெரியாமல் செய்யவில்லை. அம்மா அந்தப் பானையில் ஒரு செம்பு தண்ணீர் விட்டு, கையால் ஒரு சுழற்று சுழற்றிக் கொட்டிவிட்டு வெயிலில் கவிழ்ப்பாள். அவ்வளவுதான். அதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். சோப்பு வாங்க வக்கில்லாத வீட்டுப் பழக்கம் என்று மனதுக்குள் எழுதிவைத்திருந்தேன்.

மாவைக் கரைத்து ஊற்றினேன். மறுநாள் மூடியைத் திறந்தால் சோப்பு வாசனை. மண் எல்லாவற்றையும் குடித்துக்கொள்ளும், நான் ஊற்றியதையும் குடித்திருந்தது. அதைக் கொட்டிவிட்டுக் கஞ்சித்தண்ணி ஊற்றி ஊறவைத்தேன். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விட்டேன். வெயிலில் காயவைத்தேன். மறுபடி மாவு, மறுபடி அதே வாசனை. திண்டிவனம் போனால் அக்கா கேட்பாள், "புளிச்சிதா?" நான், "நாளைக்கு எட்த்துக்கினு வர்றேன்க்கா" என்பேன். மூன்று நாள் இதையே சொன்னேன். நான்காம் நாள் அவள் தண்ணீரையே ஸ்பூனில்தான் இறக்கினாள்.

கடைத்தெருவில் மண்பானை கேட்டேன். குழாய் வைத்த தண்ணீர்ப் பானைதான் இருந்தது. அதை வாங்கினாலும் புளிப்பு ஏறப் பல மாதம் ஆகும், அக்காவிடம் மாதமெல்லாம் இல்லை. ஒலக்கூர் பக்கம் அவள் தெருவுக்கே போய் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒரு வீட்டில் கூழ்ப் பானையில் ரோஜாச்செடி வைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் யோசித்துப் பார்த்துவிட்டு, அது எப்போதோ உடைந்தது என்றார்கள். ஆடி மாதம் வந்தால் அம்மன் கோயிலில் ஊற்றுவார்களே என்றதற்கு, அதுவும் இப்போது அலுமினிய அண்டாவில்தான் என்று பதில் வந்தது. கடைசி வீட்டுக்காரப் பெண் என்மேல் இரக்கப்பட்டாள். "ஏன் பேஜார் பட்றீங்க? இட்லி மாவுல ரெண்டு கரண்டி ஊத்துங்க, ஜல்தியா புளிச்சிடும்" என்றாள்.

வேறு வழியில்லை. எவர்சில்வர் குண்டானில் கேப்பை மாவைக் கரைத்து, இட்லி மாவை விட்டுப் புளிக்கவைத்தேன். நொய்யோடு சேர்த்துக் கிண்டி, ஆறவிட்டு, மோர் கலந்து, துணியில் வடிகட்டி எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் என்ன திட்டு விழும் என்று நினைத்துக்கொண்டே போனேன். பானையைக் கழுவினாயா என்று கேட்பாள், ஆமாம் என்று ஒப்புக்கொண்டுவிட வேண்டும், சுத்தக்காரி என்று காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் திட்டுக்காக எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

அவள் மகள் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் ஒரு ஸ்பூன் விட்டேன். அக்கா வாயில் வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு கஷ்டப்பட்டு விழுங்கினாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லா இருக்குடி" என்றாள்.

இரண்டாவது ஸ்பூனை எடுத்துக்கொண்டு போனேன். உதட்டை மூடிக்கொண்டாள்.

"பானையைச் சோப்பு போட்டுக் கழுவிட்டேன்க்கா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "இது குண்டான்ல செஞ்சது."

"அதுக்கின்னா இப்போ? நல்லாத்தான் இருக்குது. வெச்சிட்டு உக்காரு."

"சித்தி, அம்மா உங்க சமையல நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க பாருங்க!" என்று அவள் மகள் சந்தோஷமாகச் சொன்னாள். அவளுக்கு விளங்கவில்லை. அக்காவுக்கும் எனக்கும் விளங்கியது. அன்றைக்குப் பிறகு அவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை, யாரையும் எதற்கும் திட்டவும் இல்லை.