லெட்சுமியிடம் கையெழுத்து வாங்கப் போன கதை

1. பத்துக்கு ரெண்டு

ஈயத்தின் விலை விழுந்து, சிம்பாங் பூலாய் பக்கத்து லம்பம் ஒன்றை மூடிவிட்டார்கள் என்ற செய்தி ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. லம்பம் என்று நாங்கள் சொல்வது ஈயச் சுரங்கத்தை. எண்பதுகளின் நடுவில் ஈப்போவில் யாரைப் பார்த்தாலும் வேலை போனதைப் பற்றித்தான் பேச்சு. எங்கள் முதலாளி மிஸ்டர் ஃபோங் என்னை அறைக்குள் கூப்பிட்டு வேறொன்று கேட்டார்.

"சண்முகம், அந்த உயரமான பொண்ணு இப்ப எந்த டீம்லயும் இல்லைதானே?"

அவர் பேசியது மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. நான் தமிழில் எழுதுகிறேன்.

குனோங் ராபாட்டில் இருந்த ரப்பர் காலணித் தொழிற்சாலை எங்களுடையது. நான் பர்சனல் கிளார்க். ஆள் எடுப்பது, லீவு, எச்சரிக்கைக் கடிதம் எல்லாம் என் மேசையில்தான். எங்களுக்குப் பெண்கள் கூடைப்பந்து டீம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு வருஷமும் தொழிலாளர் போட்டியில் நன்றாக ஆடி, கடைசியில் அந்தச் சுரங்கத்து டீமிடம் தோற்கும். காரணம் கூடைக்கு அடியில் நின்று ஆடும் அவர்களுடைய சென்டர் லெட்சுமி. ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. சீன ரசிகர்கள் அவளைக் 'கோ மூய்' என்பார்கள். கண்டனீஸ் என்ற சீன மொழியில் 'உயரமான தங்கச்சி'.

அந்தக் காலத்தில் ஆட்டக்காரரை 'சைன்' பண்ணுவது என்றால் வேலை கொடுப்பதுதான். வேலை எங்கேயோ ஆட்டமும் அங்கே. சுரங்கம் மூடியதும் அவளை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றாகிவிட்டது. கோலாலம்பூரில் ஒரு பேங்க்கும் பினாங்கில் ஒரு கம்பெனியும் ஏற்கெனவே ஆள் அனுப்பியிருந்தார்கள்.

"நமக்கு சான்ஸ் எவ்வளவு?" என்றார் முதலாளி.

"பத்துக்கு ரெண்டு, பாஸ்."

"சரி. அந்த ரெண்டை வச்சுக்கிட்டு போய்ப் பாரு."

2. எத்தனை இடம்

மறுநாள் மோட்டார் சைக்கிளில் அவள் தோட்டத்துக்குப் போனேன். அவளுடைய அப்பா பால்மரம் சீவுகிறவர். லயம் என்ற வரிசை வீட்டின் வாசலில் நாற்காலி போட்டு, "உக்காருங்க கிராணி" என்றார்; தோட்டத்தில் கிளார்க்கை அப்படித்தான் கூப்பிடுவார்கள். உள்ளேயிருந்து லெட்சுமி வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தாள். கோர்ட்டுக்கு வெளியே அவளை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றுதான். பேச வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

அவளே தொடங்கினாள். "பேங்க்ல மேசை வேலை தாராங்க அண்ணே. ஒங்க ஃபேக்டரியில எத்தனை எடம் இருக்கு?"

"ஒனக்கு எடம் இருக்கு. பேக்கிங் செக்‌ஷன். நின்னுக்கிட்டே செய்யிற வேலை. பொய் சொல்லமாட்டேன்."

"எனக்கு மட்டும் இல்ல. என்னோட ஆடுற நாலு பேருக்கும் வேலை போச்சு. அவங்களையும் எடுப்பீங்களா?"

"பேங்க்ல கேட்டியா?"

"கேட்டேன். நீ மட்டும் வா லான்னு சொல்லிட்டாங்க. பினாங்குலயும் அதேதான்."

அவள் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்கு மேசை வேலை கிடைப்பது அவருக்குச் சின்ன விஷயமில்லை. ஆனால் அவர் குறுக்கே பேசவில்லை.

"ஒன் வாழ்க்கையை நீ பாத்துக்க வேணாமா தங்கச்சி?" என்றேன். பர்சனல் கிளார்க் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. என் வேலை அவளை எங்கள் பக்கம் இழுப்பது.

"அந்த நாலு பேர்ல அ ஹுவா பந்தை எங்க போடுவாள்னு எனக்குத் தெரியும். நான் எப்பத் திரும்புவேன்னு அவளுக்குத் தெரியும். அவ இல்லாட்டி நான் வெறும் ஒசரந்தான் அண்ணே."

3. சிமெண்டுக் கோர்ட்

முதலாளிக்குக் கோபம். "ஒரு ஆள் கேட்டேன். அஞ்சு ஆள் கொண்டு வர்றே."

"ஒரு தடவை பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்க பாஸ்" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ.

ஞாயிற்றுக்கிழமை மூடிக்கிடந்த சுரங்கத்தின் சிமெண்டுக் கோர்ட்டில் அவர்கள் ஐந்து பேரும் எங்கள் டீமோடு ஆடினார்கள். பம்புகள் நின்றிருந்ததால் பந்து தரையில் அடிக்கும் சத்தம் சுண்ணாம்புக் குன்றுவரை போய்த் திரும்பி வந்தது.

முதல் பாதியில் லெட்சுமி நான்கைந்து முறைதான் கூடைக்கு எறிந்தாள். எங்கள் ஆட்கள் மூன்று பேர் அவளைச் சுற்றி நின்றார்கள். அவள் பந்தை வாங்கினாள், அந்த மூவரையும் தன் பக்கம் இழுத்தாள், காலியாக நின்றவளுக்குக் கொடுத்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்து போன இடத்தில் ஆள் இருந்தாள், ஒவ்வொரு முறையும்.

இரண்டாவது பாதியில் பந்து ஒன்று கோட்டைத் தாண்டி வெளியே போனது. லெட்சுமி அதன் பின்னால் பாய்ந்தாள். கால் தரையில் இல்லை. காற்றிலேயே பிடித்து, விழுவதற்குள் தலைக்குப் பின்னால் எறிந்தாள். சின்ன உருவமான அ ஹுவா அதை வாங்கிக் கூடையில் போட்டாள். லெட்சுமி சரளைக் கல்லில் போய் விழுந்து, முழங்கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். எங்கள் கேப்டன் ஆட்டத்தை மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரெஃப்ரியும் விசில் ஊதவில்லை. நான் சாமி சன்னதியில் நிற்பதுபோல் நின்றேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

காரில் ஏறும்போது, "அஞ்சு பேருக்கும் லெட்டர் அடி" என்றார். "ஆனா ஒரு வரி சேத்துக்க. ஆடுற வரைக்கும்தான் வேலை."

லெட்சுமி அந்த வரியை எடுக்கச் சொன்னாள். முதலாளி நான்கு பேருக்கு எடுத்தார். அவள் கடிதத்தில் மட்டும் எடுக்கவில்லை.

"யோசிச்சுக் கையெழுத்துப் போடும்மா" என்றேன். "நாளைக்குக் கால் போனா வேலையும் போயிரும்."

"தெரியுது அண்ணே. அவங்க லெட்டர்ல இல்லதானே?"

"இல்ல."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

4. முட்டி

இரண்டு வருஷம் கோப்பை எங்களிடம் இருந்தது. மூன்றாவது வருஷம் பயிற்சியில் அவளுக்கு முட்டி திரும்பிவிட்டது. இனி ஆடவே கூடாது என்றார் டாக்டர். முதலாளி மனிதர் கெட்டவர் இல்லை, ஆனால் விதி விதி என்பார். வேலைநீக்கக் கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். ஒரே பக்கம். அதற்குள் நான்கு தடவை தப்பு விட்டேன்.

கடிதத்தை முதலாளியின் கையெழுத்துக்குக் கொண்டுபோனபோது காலணியின் அடிப்பாகத்தை அச்சில் வார்க்கும் மோல்டிங் பிரிவின் சூப்பர்வைசர் பாலன் உள்ளே இருந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் மாறியது.

"அந்தப் பொண்ணை அனுப்புனா என் லைன் நின்னுரும் பாஸ்."

"அவ பேக்கிங்தானே?" என்றார் முதலாளி.

"வந்த மூணாம் மாசமே என்கிட்ட வந்துட்டா. வேலை முடிஞ்சு, பிராக்டிஸ் போறதுக்கு முன்னால, மெஷின் பழக்கிக் குடுங்க அண்ணேன்னு நிப்பா. இப்பப் புது அச்சு மாட்டுறது, சூடு பாக்குறது எல்லாம் அவதான். முட்டிதான் போச்சு பாஸ். அந்த மெஷினுக்குக் கைதான் வேணும்."

அந்த இடமாற்றச் சீட்டு என் மேசை வழியாகத்தான் போயிருக்கிறது. நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டு வருஷமாக அவளை ஆட்டக்காரி என்றே பார்த்ததால் அது என் கண்ணில் படவில்லை.

முதலாளி கடிதத்தை இன்னொரு தடவை படித்தார். பிறகு என் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து, "புது வேலை லெட்டர் அடி. ஆடுற வரைக்கும்கிற அந்த வரி வேணாம்" என்றார்.

புதிய கடிதத்தை மோல்டிங் செக்‌ஷனுக்கே எடுத்துப்போனேன். ஒரு கையால் மெஷினைப் பிடித்து நின்றபடி அவள் நிதானமாகப் படித்தாள். "ஆட்டத்தைப் பத்தி ஒண்ணும் இல்லையே அண்ணே?" என்றாள். இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, அச்சிலிருந்து அடுத்த அடிப்பாகத்தை எடுக்க நேரமாகிவிட்டது என்று திரும்பிக்கொண்டாள்.

பர்சனல் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வேலைக்கு வருகிறவர்கள் தங்களுக்கு என்ன கிடைக்கும் என்றுதான் முதலில் கேட்பார்கள். அதில் தப்பில்லை, நானும் அப்படிக் கேட்டுத்தான் சேர்ந்தேன். இருபத்தெட்டு வருஷத்தில் மற்றவர்களுக்காக முதலில் கேட்டவள் என்று எனக்கு ஒருத்திதான் வந்தாள். உங்களுக்கும் அப்படி ஒருவர் வந்தால், நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசுங்கள். அன்றைக்கு அந்த லயத்து வாசலில் நான் உட்கார்ந்துகொண்டேதான் பேசினேன்.