ஒரு காலுக்கு ஐந்து சுருள் பேண்டேஜ்

வேகமாக ஓடினால் வலி பின்தங்கிவிடும் என்று நம்பிய ஆள் நான். சிரிக்காதீர்கள், கையில் ஆதாரமும் வைத்திருந்தேன். விடியற்காலையில் ஓடத் தொடங்கும்போது வலது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் சுருக்கென்று வலிக்கும். செட்டியார்பட்டி ரோட்டில் ஒரு மைல் தாண்டினால் வலியைக் காணோம். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அதுவும் நிதானமாக வந்து சேரும்.

எண்பதுகளின் கடைசி அது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் பவர்லூமில் வேலை. போலீஸ் செலக்‌ஷனுக்கு எழுதிப் போட்டிருந்தேன். வயது வரம்புப்படி எனக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு தடவைதான். தவறினால் ஆயுசுக்கும் தறிதான். அதனால் வலி கூடக்கூட ஓட்டத்தையும் கூட்டினேன், அடி தேய்ந்த கேன்வாஸ் ஷூவோடு, தார் ரோட்டில்.

பக்கத்துத் தறிக்காரனும் எழுதிப் போட்டிருந்தான். இருவரும் சேர்ந்துதான் ஓடுவோம். நான் நொண்டுவதைப் பார்த்து ஒருநாள், "ஏலே, பத்து நாள் சும்மா கெட. கால் போச்சுன்னா பொறவு எதை வச்சு ஓடுவ?" என்றான்.

போட்டிக்கு வருகிறவன், நான் படுத்தால் அவனுக்குத்தானே லாபம் என்று நினைத்தேன். "நீ கெடலே" என்று சொல்லிவிட்டு அவனை முந்தி ஓடினேன். நல்ல புத்தி சொல்கிறவனை முந்துவதில் என்னை அடிக்க ஆள் கிடையாது.

அடுத்த வாரம் காலை ஊன்றவே முடியவில்லை. வேறு ஊர்க்காரன் என்றால் கடையில் ஒரு சுருள் பேண்டேஜ் வாங்கிச் சிக்கனமாகச் சுற்றியிருப்பான். எங்கள் வீட்டில் அடுப்படிக் கரித்துணியே பேண்டேஜ்தான். தறிக் கழிவில் வந்த ஐந்து சுருளை எடுத்து, விரலிலிருந்து முழங்கால் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிச் சுற்றினேன். ஒரு சுருளுக்கு வலி கொஞ்சம் குறையும் என்றால் ஐந்துக்கு மொத்தமும் போக வேண்டும் அல்லவா?

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏலே, இது காலா, தலகாணியா?"

இரண்டு மணி நேரத்தில் விரல்கள் ஜில்லிட்டு நீலம் பாய்ந்தன. கிள்ளினேன், உணர்ச்சி இல்லை. "அம்மா, என் கால் செத்துப்போச்சு!" என்று அலறினேன்.

"செத்த காலுக்கு எதுக்கு இம்புட்டுச் சத்தம்? அவுத்து விடு மொதல்ல."

அவிழ்த்தால் எலும்பு கழன்று விழுந்துவிடும் என்று பயந்து, யாரையும் கட்டைத் தொட விடவில்லை. தறிக்காரன்தான் என்னைத் தோளில் சாய்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்றினான். பஸ் அந்த ஊர் எல்லையில் மடவார் வளாகம் போய்ச் சேர்வதற்குள், ஒற்றைக் காலனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்பது வரை யோசித்து முடித்திருந்தேன்.

டாக்டர் கத்தரியால் கட்டை வெட்டினார். கொஞ்ச நேரத்தில் விரல்கள் சிவந்து, ஊசி குத்துவது போல உயிர் வந்தது. "விரலுக்கு வந்த வியாதி நீங்க கட்டுன கட்டுதான்" என்றார். பிறகு முன்னெலும்பில் ஒரே ஓர் இடத்தை விரலால் அழுத்தினார். நான் எகிறிவிட்டேன். எக்ஸ்ரேயில் மயிரிழை போல ஒரு விரிசல்.

"வலிக்க ஆரம்பிச்சப்பவே ரெண்டு மூணு வாரம் ஓட்டத்தை நிறுத்தியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. இனி ஆறு வாரம் ஓடவே கூடாது. அப்புறம் நடை. அந்த நடைக்கு நடுவுல கொஞ்சம் கொஞ்சமா ஓட்டம். வலிச்சா உடனே நிறுத்திரணும்."

செலக்‌ஷனுக்கு மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது. சொன்னதை அப்படியே செய்தேன். பக்தியால் அல்ல, பயத்தால். மாடிப்படியைக்கூடக் குழந்தை மாதிரி உட்கார்ந்துதான் இறங்கினேன். மறுபடி ஓடத் தொடங்கியபோது காலடியில் காய்ந்த குச்சி முறிந்தாலும் எலும்புதான் என்று நின்றுவிடுவேன். தறிக்காரன் எனக்காகத் தன் வேகத்தையும் குறைத்துக்கொண்டான்.

கடைசியாகப் போனபோது டாக்டர் அந்த ஒற்றைக் காலிலேயே இருபது தடவை குதிக்கச் சொன்னார். குதித்தேன்.

"வலிக்குதா?"

"இல்ல டாக்டர்."

"அப்ப போய் ஓடுங்க."

செலக்‌ஷன் அன்று காலையில் இருவரும் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். பஸ் வந்தது. அவன் படியில் கால் வைத்துவிட்டான். நான் அப்படியே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"வலிக்குலே" என்றேன்.

இறங்கி வந்தான். "எங்கன?" என்று குனிந்து, அந்த இடத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தொட்டான். நான் "ஆ" என்றேன்.

"வேணும்னா நானும் இருக்கட்டா? டாக்டர்ட்ட போவோம்."

"போலே, பஸ்ஸு கெளம்பப் போகுது."

போனான். ஓடினான். தேர்வானான். நான் தறிக்குத் திரும்பினேன். கேட்டவர்களிடமெல்லாம் கால் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டது என்று சொல்லிச் சிரிக்க வைத்தேன். சொல்லிச் சொல்லி அது நன்றாகவே பழகிவிட்டது.

அன்று காலையில் என் காலில் வலியே இல்லை. பயந்துபோய்ப் பொய் சொன்னேன்.