ஒரு குறையுமில்லீங்க

சமூகவியல் கடைசி வருட ஆய்வுக்காகப் பல்லடம் சாலையிலிருந்த ஒரு பனியன் கம்பெனி விடுதிக்குப் போனேன். தெற்கத்திப் பெண்கள் பன்னிரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்டேன். "எட்டு மணி நேரந்தானுங்க வேலை, ஒரு குறையுமில்லீங்க" என்று எல்லோரும், என்னை உள்ளே அழைத்துப்போன மேனேஜரின் கொங்குப் பேச்சிலேயே சொன்னார்கள். எரிச்சலில் கடைசிப் பெண்ணிடம், காலையில் என்ன சாப்பிட்டாய் என்றேன். அதற்கும் இமைக்காமல் அதையே சொன்னாள்.

சோசியாலஜிக்கு ஏது வேலை என்றவர்கள் வாயடைத்துப்போக, அதே கம்பெனியில் நல அலுவலர் ஆனேன். பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஆடிட்டர்கள் வேலை நிலைமையை விசாரிக்க வருமுன் பெண்களுக்கு அந்தப் பதிலைப் பழக்குவது என் பொறுப்பு. ஒரு மாலை அம்மா போனில், "சாப்ட்டியா கண்ணு?" என்றாள்.

"எட்டு மணி நேரந்தானுங்க வேலை" என்றேன்.