உப்புப் பாத்தியில் கிடந்த வயர்

நான் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறேன். என் வகுப்பில் பாடம் குறைவு, ஜோக் அதிகம். "சுத்தமான தண்ணிக்கு கரண்ட்னா அலர்ஜிப்பா, உள்ளயே விடாது" என்று ஒருநாள் சொன்னேன். வகுப்பே சிரித்தது. தேர்விலும் எல்லோரும் சரியாக எழுதினார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் உப்புநீரின் அடர்த்தியைக் காட்ட அவர்களை மரக்காணம் உப்பளத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே மோட்டாருக்குப் போகும் வயர் அறுந்து ஒரு பாத்தித் தண்ணீரில் கிடந்தது. மாணவன் இம்ரான் அதை எடுத்து ஓரமாகப் போடச் செருப்பைக் கழற்றினான்.

"டேய், நில்லுடா!"

"ஒண்ணும் ஆவாது சார். தண்ணிக்குத்தான் கரண்ட்னா அலர்ஜியாச்சே!" என்று சிரித்தபடி காலைத் தூக்கினான்.

அவன் தப்பாகப் படிக்கவில்லை. நான் சிரிக்க வைத்ததை மட்டும் படித்திருந்தான். பாய்ந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் வரப்புச் சேற்றில் விழுந்தோம்.

உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் அக்கா ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டு வந்தார். "ஏம்பா, உப்புத் தண்ணியில கரண்ட் பாயும்னு எங்க வூட்டு வாண்டுக்குக்கூடத் தெரியும். யாருப்பா உங்க வாத்தியாரு?"

சேற்றில் கிடந்தபடியே கையைத் தூக்கினேன்.

இப்போதும் ஜோக் சொல்கிறேன். சிரிப்பு அடங்கியதும், "இதே தண்ணியில ஒரு கை உப்பைப் போட்டா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். யாரும் பேசாத அந்தச் சில நொடிகள் எனக்கு இன்றும் பயம்தான். யாராவது தப்பாகவாவது வாயைத் திறந்த பிறகுதான் மூச்சு வருகிறது.