அப்பாவுக்கு வந்த அட்டை

அம்மாவின் சாமித் தட்டில், முருகன் படத்துக்கும் திருநீற்றுச் சட்டிக்கும் நடுவில், ஓர் அட்டை சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஓரத்தில் நீலக் கோடு. அப்பாவின் முழுப்பெயரும், பிறந்த திகதியும், கரவெட்டி என்ற ஊர்ப்பெயரும் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறது. அதற்குக் கீழே வரிவரியாகச் சில சொற்கள், ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு திகதி. கடைசி வரிக்கு எதிரே மட்டும் ஒன்றும் இல்லை. அம்மா காலையில் தலை தோய்ந்து, பொட்டு வைத்து, ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் எங்கள் வீட்டுப் பின்வளவில் பூத்தது எதுவோ அதில் ஒன்றைப் பறித்து அந்த அட்டைக்கு முன்னால் வைப்பார். பனிக்காலமென்றால் கடையில் வாங்கிய பூ. அது என்ன அட்டை என்று அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். அக்காவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபத்தில் எழுதுகிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது, ஒருநாள் காலை, துவக்கோடு வந்தவர்கள் "விசாரிச்சிட்டு விடுறம்" என்று சொல்லி அப்பாவை வீட்டு வாசலிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அக்காவுக்குப் பன்னிரண்டு. சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு வர அப்பா நேரம் கேட்டார். கொடுத்தார்கள். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதன்பிறகு அம்மா நிரப்பாத படிவம் இல்லை. காணாமற்போனவர்களை விசாரிக்க எந்தக் குழு வந்தாலும், எந்த மேசைக்கு முன்னால் வரிசை நின்றாலும், அம்மா அங்கே இருந்தார். இடது புருவத்தில் சைக்கிளால் விழுந்த தழும்பு, மேல்வரிசையில் தங்கம் கட்டிய பல், உயரம் ஐந்தடி ஏழங்குலம். மந்திரம்போலச் சொல்லுவார். ரொறன்ரோவுக்கு வந்த பின்னும் தாலி கழுத்தில், பொட்டு நெற்றியில். கல்யாண வீடுகளில் யாராவது புருவத்தை உயர்த்தினால், "அவர் வருவார்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு முன்வரிசைக் கதிரையில் போய் இருப்பார்.

ஊரில் காணியைப் பிரிப்பதற்காகச் சித்தப்பா ஒருமுறை தொலைபேசி எடுத்தார். அப்பாவுக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் எடுக்கவேண்டுமாம், அம்மா ஒரு கையெழுத்து வைத்தால் போதுமாம், காணாமற்போன எல்லாருக்கும் எடுக்கிறார்களாம். அம்மா றிசீவரைக் கீழே விட்டுவிட்டுக் குசினி நிலத்தில் அப்படியே இருந்துவிட்டார். அக்காதான் அதை எடுத்தாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. "சித்தப்பா, அம்மா உயிரோடை இருக்குமட்டும் அப்பாவைச் செத்தவர் எண்டு இந்த வீட்டிலை ஒருத்தரும் எழுதமாட்டம். காணி கிடந்து காடாகட்டும்" என்றாள். நான் இவளுடைய தங்கச்சி என்று வகுப்பில் எல்லாரிடமும் போய்ச் சொல்லவேண்டும்போல இருந்தது. அந்தச் சத்தத்தை இன்றைக்கும் என் காதில் வைத்திருக்கிறேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

அதற்கு அடுத்த பனிக்காலம் எங்கள் தொடர்மாடிக் கதவை இரண்டு வெள்ளைக்காரப் பொடியன்கள் தட்டினார்கள். கழுத்துப்பட்டி, நெஞ்சில் கறுப்புப் பெயர்த்தகடு, குளிரில் சிவந்த காது. தகட்டில் பெயருக்கு முன்னால் மூத்தவர் என்று எழுதியிருக்கிறது என்று அக்கா விளங்கப்படுத்த, அம்மா சிரித்துவிட்டார். "மீசை முளைக்கேல்லை, மூத்தவராம்!" உள்ளே கூப்பிட்டுத் தேநீர் ஊற்றிக் கொடுத்தால் வேண்டாம் என்றார்கள். தேநீரும் கோப்பியும் குடிப்பதில்லையாம், அது அவர்களுடைய விரதம். "ஆர் பெத்த பிள்ளையளோ, இந்தக் குளிருக்கை தேத்தண்ணியும் இல்லையாம்" என்று புறுபுறுத்துக்கொண்டு அம்மா பாலைச் சூடாக்கினார்.

அக்கா அவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். செத்த பிறகும் ஒரு குடும்பம் குடும்பமாக இருக்குமா என்று. ஓம் என்றார்கள். அவர்கள் மோர்மன் என்ற கிறிஸ்தவச் சபையைப் பரப்ப வந்தவர்கள், அந்த நம்பிக்கையில் கல்யாணம் சாவோடு முடிவதில்லை. அவர்களுடைய கோவிலுக்குள் முத்திரையிட்டுச் சேர்த்துவைத்த கணவனும் மனைவியும் பிள்ளைகளும் இந்தக் காலத்துக்கு மட்டுமல்ல, நித்தியத்துக்கும் ஒரே குடும்பம். அக்கா அழத் தொடங்கிவிட்டாள். அந்தப் பொடியன்கள் என்ன செய்வதென்று தெரியாமல் பால் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போன பிறகு அம்மா சொன்னார், "எங்கடை ஆக்களும் ஏழு பிறப்பு எண்டுதானே சொல்லினம்." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏழோடை முடியுதே அம்மா" என்றாள்.

அக்கா அவர்களுடைய சபையில் சேர்ந்தாள். சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சபை அவளை நிமிர்த்தியது. மூன்றாம் மாடியில் யாராவது கதவை அடித்துச் சாத்தினாலே நடுங்குகிற அக்கா, மேடையில் ஏறி நின்று பேசினாள். அங்கேதான் அத்தானையும் கண்டாள். மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம், அவரும் இங்கே வந்து மாறியவர், பூனைக்குக்கூட வழிவிட்டு நடக்கிற மனிதர். கல்யாணம் நகரத்துக்கு மேற்கே இருக்கிற அவர்களுடைய வெள்ளைக் கோவிலில் நடந்தது. சபையில் சேர்ந்து, தகுதிச் சீட்டு வாங்கியவர்கள்தான் உள்ளே போகலாம். பெற்ற தாயென்றாலும் வெளியேதான். கூறைச்சேலையைப்போலச் சிவப்பில் பட்டுடுத்தி, கனகாம்பரம் கிடைக்காமல் கடையில் ரோசாப்பூ வாங்கி வைத்து, அம்மாவும் நானும் முன்மண்டபத்துச் சோபாவில் இரண்டு மணித்தியாலம் இருந்தோம். எனக்கு உள்ளே கொதித்தது. அம்மாதான் என் கையைத் தட்டி, "கோயில் எண்டால் மூலஸ்தானத்துக்குள்ளை எல்லாரும் போகேலுமே, பிள்ளை" என்றார். வெளியே வந்த அக்காவைக் கட்டிப்பிடித்து, "அப்பா வந்தால் முதல் கேள்வி உதைத்தான் கேப்பார், நீ என்ன உடுத்தியிருந்தனீ எண்டு" என்றார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அதைக் கவனித்திருக்கவேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அக்கா தான் குடியிருக்கிற விட்பியிலிருந்து தொலைபேசி எடுத்தாள். குடும்ப மரம் ஒன்று எழுதுகிறாளாம், பிள்ளைகளுக்குத் தங்கள் வேர் தெரியவேண்டுமாம். அப்பா பிறந்த திகதி சரியாகத் தெரியாது, அம்மாவிடம் கேட்டு எழுதித் தா, நான் கேட்டால் அவ சமயம் அது இது என்று யோசிப்பா, நீ கேட்டால் சொல்லுவா என்றாள். எனக்கு அதில் ஒரு வில்லங்கமும் தெரியவில்லை. நல்ல விடயம்தானே என்று கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"ஆர் கேக்கினம்?" என்றார் அம்மா.

"அக்கா. அவையின்ரை சபையிலை ஆக்களின்ரை விபரமெல்லாம் உலகம் முழுக்கச் சேர்க்கினமாம்."

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். முகம் மாறிவிட்டது. "உலகம் முழுக்கவோ? அப்ப தேடித் தருவினமோ?"

இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு வாய் வரவில்லை. "பாப்பம் அம்மா" என்றேன். அன்று பின்னேரம் முழுக்க அம்மா சொன்னார், நான் எழுதினேன். பிறந்த திகதி, நட்சத்திரம், தாய் தகப்பன் பெயர், பாட்டன் பெயர். கேட்காமலே புருவத் தழும்பு, தங்கப் பல், ஐந்தடி ஏழங்குலம். "பல்லை மறக்காமல் எழுது, அதை வைச்சுக் கண்டுபிடிக்கலாம்" என்றார். பல்லையும் எழுதி அக்காவுக்கு அனுப்பினேன்.

பிறகு நான் அதை மறந்துவிட்டேன். அம்மா மறக்கவில்லை. மாதம் ஒருமுறை கேட்பார், "அக்கா நிரப்பிக் குடுத்த போமுக்குப் பதில் வந்ததோ?"

போன வருடம் ஒரு திங்கட்கிழமை பின்னேரம் விட்பிக்குப் போனேன். திங்கள் அவர்களுக்குக் குடும்ப நாள், எல்லாரும் ஒன்றாக இருந்து வாசித்துப் பாடி ஏதாவது செய்து சாப்பிடுவார்கள். அக்கா குசினியில் இருந்தாள். சாப்பாட்டு மேசையில் ஒரு கட்டு அட்டைகள், மேலே இருந்ததில் அப்பாவின் பெயர். நான் கையில் எடுக்க அத்தான் கண்டுவிட்டு, சந்தோசத்தோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"மச்சாள், மாமாவுக்கு நான்தான் தண்ணிக்குள்ளை இறங்கினனான்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இந்த நம்பிக்கையை அறியாமல் செத்துப்போன முன்னோருக்காக, உயிரோடு இருக்கிற ஒருவர் அவர்களுடைய பெயரில் கோவிலில் ஞானஸ்நானம் பெறுவார். ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு சடங்கு, முடிந்ததற்குத் திகதி போடுவார்கள். "கடைசி வரி மாமியோடை சேர்த்துக் கட்டுறது. மாமி எங்கடை சபைக்கு வந்தால் இப்பவே செய்யலாம். இல்லாட்டி அவவுக்குப் பிறகுதான்."

"அத்தான், அப்பா செத்தவர் எண்டு ஆர் சொன்னது?"

அவர் என்னைப் பார்த்தார், பிறகு அட்டையைப் பார்த்தார். "உயிரோடை இருக்கிறவைக்கு உந்தக் காட் வராது, மச்சாள். கிட்டடிச் சொந்தம் ஒராள் பதியவேணும். அக்காதானே பதிஞ்சவ. உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர்களுடைய சபையையும் குறை சொல்லமாட்டேன். சொந்தத்தில் ஒருவர் சம்மதிக்கவேண்டும் என்று ஒழுங்காகத்தான் கேட்டிருக்கிறார்கள். சம்மதித்தவள் எங்கள் வீட்டுப் பிள்ளை. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

அக்கா ஈரக் கையோடு வந்தாள். என் கையில் அட்டையைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"நீதானே சொன்னனீ, அம்மா இருக்குமட்டும் எழுதமாட்டம் எண்டு."

"அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு."

"என்னைக் கொண்டு அம்மாட்டை எடுப்பிச்சிருக்கிறாய்! அவ தேடுறதுக்கு எண்டு நினைச்சுப் பல்லுவரைக்கும் சொன்னவ, அக்கா!"

"அவவுக்கு ஆர் சொல்லப் போறது?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ சொல்லு, அப்பா வருவார் எண்டு நீ நம்புறியோ?" என்று கேட்டாள். நான் கையிலிருந்த அட்டையைப் பார்த்தேன். அக்கா விடவில்லை. "வரமாட்டார். இஞ்சை எனக்கு அவர் இல்லை. அங்கையாவது வேணும். அவருக்கு விருப்பமில்லாட்டி அங்கை வேண்டாம் எண்டு சொல்லலாம், ஒருத்தரும் கட்டாயப்படுத்தேல்லை. அம்மாக்குப் பிறகு ரெண்டுபேரையும் சேர்த்துவிட்டால் நாங்கள் நாலுபேரும் ஒண்டாயிருப்பம். உதிலை என்ன துரோகம்?"

அம்மாக்குப் பிறகு. அதை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அம்மா அந்த நேரம் மில்லிக்கனில் எனக்காக இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார். நான் அட்டையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியேறினேன். பெருந்தெருவில் ரூஜ் ஆற்றைத் தாண்டும்வரைக்கும் காருக்குள் தனியே இருந்து அக்காவைப் பேசினேன், வாயில் வந்ததெல்லாம் பேசினேன். எனக்கும் அப்பா இல்லைத்தானே, நான் அப்படியா செய்தேன் என்று கேட்டேன். அவள் நம்பியதை நான் இன்றைக்கும் பழிக்கவில்லை. எனக்குத் தெரியாமல் என் கையை எடுத்து அப்பாவுக்குக் கொள்ளி வைத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அட்டையைக் கிழித்து எறிந்திருக்கலாம். அப்பாவின் பெயரைக் கிழிக்கக் கை வரவில்லை, கைப்பையிலேயே கிடந்தது. ஒரு மாதம் கழித்து அம்மாவை வைத்தியரிடம் கூட்டிப்போனபோது, நான் கைப்பையை அவரிடம் விட்டுவிட்டுக் காரை நிறுத்தப் போக, அம்மா தன்னுடைய ஹெல்த் காட்டைத் தேடி என் கைப்பையைத் திறந்திருக்கிறார். நான் உள்ளே போகும்போது வரவேற்பறைக் கதிரையில் அந்த அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் இத்தனை வருடம் இத்தனை படிவத்தில் எழுதிய பெயரை எந்த எழுத்திலும் அவருக்குத் தெரியும்.

"அப்பான்ரை பேர் பதிஞ்சிட்டினமோ?" என்றார். "காட் வந்திட்டுதோ? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

சனம் நிறைந்த அறை. அம்மா அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் "ஓம் அம்மா" என்றேன்.

அடுத்த ஞாயிறு அக்கா வந்தாள். அம்மா அவளைக் கையில் பிடித்துச் சாமித் தட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "உன்ரை ஆக்கள் நல்ல ஆக்கள், பிள்ளை. எத்தினை பேருக்கு எழுதினன், ஒருத்தரும் ஒரு துண்டு அனுப்பேல்லை. உவையள்தான் அனுப்பினது." அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். சொல்லிவிடாதே என்று கேட்டாளா, சொல்லிவிடு என்று கேட்டாளா, எனக்குத் தெரியவில்லை. அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று அம்மா நினைத்து அவளுடைய தலையைத் தடவினார். அன்றிலிருந்து நானும் அக்காவும் அம்மாவுக்கு முன்னால் மட்டும் கதைக்கிறோம்.

இன்று காலையும் அம்மா பூ வைத்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை எடுத்து, வரிவரியாக விரலை ஓட்டினார். இப்போதெல்லாம் அடிக்கடி அப்படிச் செய்கிறார். விரல் கடைசி வரியில் வந்து நின்றது.

"எல்லாத்துக்கும் திகதி போட்டிருக்கினம். உது ஒண்டுதான் குறை. உதையும் நிரப்பினால் ஆளைக் கொண்டுவந்து காட்டுவினமாக்கும்" என்றார். "அக்காட்டைச் சொல்லு, பிள்ளை. கெதியாய் நிரப்பச் சொல்லு. எனக்கும் வயசு போகுது."

"சொல்லுறன் அம்மா" என்றேன்.